வெளிப்பக்கம் பூட்டிய அறை

ஒரகடம் பக்கம் வாடகை அறைகளில் இருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவன் காலையில் படுப்பான். பகல் ஷிப்டுக்குப் போகிறவன் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவான். உள்ளே ஆள் தூங்குவது யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் தண்ணீர் கேன்காரர் தட்டுவார், இன்டர்நெட் இணைப்பு விற்கிறவர் தட்டுவார், அடுத்த அறைக்காரன் சார்ஜர் கேட்டுத் தட்டுவான். பூட்டு தொங்கினால் ஒருவரும் தட்டுவதில்லை. உள்ளே இருப்பவன் மாட்டிக்கொண்டான் என்றும் இல்லை. கதவை ஒட்டி ஒரு ஜன்னல் இருக்கும். கம்பிக்கு நடுவே கையை விட்டால் பூட்டு எட்டும். சாவியில் ஒன்று அவனிடம் இருக்கும். நான் இங்கே வந்த புதிதில், ஒரு ஜன்னலிலிருந்து கை மட்டும் வெளியே வந்து துழாவிப் பூட்டைத் திறப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். பிறகு என் கையும் அப்படித் துழாவப் பழகிக்கொண்டது.

இந்தப் பழக்கத்தால்தான் என் அறைத் தோழனின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து போனது. எனக்குத் தேதி குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. செம்பரம்பாக்கத்தில் எப்போது தண்ணீர் திறந்தார்கள், கம்பெனியில் உற்பத்தி லைன் எப்போது நின்றது, கம்பெனி பஸ் எந்த மழையில் மாட்டிக்கொண்டது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கும். இதற்கு மட்டும் ஆரம்பத் தேதி என்னிடம் இல்லை. ஆரம்பித்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான், நான் வேலையில் இருந்தேன்.

எங்கள் கட்டடம் மண்ணூர்ச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கீழேயும் மேலேயும் ஒரே அளவு அறைகள், பொதுவாக ஒரு குழாய், பச்சை கேட்டு. வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். விளைந்த நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த மனையில் இதைக் கட்டினார். அறை என் பெயரில் இருக்கிறது. அவன் பெயரில் இல்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு.

அவன் முஸ்லிம், திருநெல்வேலிப் பக்கம். எனக்குக் கோவில்பட்டி. இருவரும் வேறு வேறு கம்பெனி என்றாலும் ஒரே இடத்தில் பஸ் ஏறுவோம். அப்போது அவன் அறை தேடிக்கொண்டிருந்தான். போகிற இடமெல்லாம் முதலில் அட்வான்ஸ் பேசுவார்கள், பிறகு பெயர் கேட்பார்கள், பிறகு ஃபேமிலிக்கு மட்டும்தான் விடுகிறோம் என்பார்கள். அதை அவன் குறையாகச் சொன்னதில்லை. குன்றத்தூர் வரைக்கும் பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னான். என் அறையில் இருந்தவன் ஊரோடு போய்விட்டதால் இடம் இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இருக்கட்டும், அக்ரிமென்ட் உன் பேரிலேயே இருக்கட்டும், நீ பார்த்துக்கொள் என்றார். நாங்கள் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் ஒரு பையும் ஒரு பக்கெட்டுமாக வந்தான். வந்து வருஷங்கள் ஆகின்றன.

ஓட்டை இங்கே மாற்றியதும் அவன்தான், நான் இல்லை. ஊராட்சித் தேர்தலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார்டுக்கு நிற்கப்போகிறவரின் ஆட்கள் வந்து கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் படிவம் எழுதினார்கள். எனக்கு ஊரில் வீடு இருக்கிறது, அக்கா இருக்கிறாள், ஓட்டு அங்கேயே இருக்கட்டும் என்றேன். அவன் கொடுத்தான். அதற்கு முந்திய தேர்தலில் திருநெல்வேலி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் ஓட்டுப் போட்டுவிட்டு, திரும்ப பஸ் கிடைக்காமல் ஷிப்டைத் தவறவிட்டு, கான்ட்ராக்டரிடம் திட்டு வாங்கியிருந்தான். இங்கே என்றால் நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் அவன் கணக்கு. இந்த விலாசத்தோடு அட்டை வந்தது. அதன் பிறகு இங்கே ஊராட்சிக்கு ஒரு முறை, பாராளுமன்றத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டான். அட்டையை போன் உறைக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பான்.

பட்டியலைப் புதிதாகத் திருத்துகிறார்கள், வீடு வீடாகப் படிவம் வரும், நிரப்பிக் கொடுக்காதவர்கள் வரைவுப் பட்டியலில் வரமாட்டார்கள் என்ற செய்தி மழைக்காலத்தில் வந்தது. என் படிவத்தை அக்கா ஊரிலேயே வாங்கி, பழைய பட்டியலில் அப்பா பெயரைத் தேடி எழுதி, கொடுத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினாள். எனக்கு அதில் ஒரு வேலையும் இருக்கவில்லை. நான் செய்ததெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்ததுதான்.

அவனுடைய உம்மா ஊரிலிருந்து தினமும் கேட்டார். அவருக்கு வேறு மாநிலங்களில் பெயர் போனவர்களைப் பற்றிய வீடியோக்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றை மகனுக்கு அனுப்புவார். வீட்டில் இருந்த பழைய ரேஷன் கார்டு, மகனின் பள்ளி டி.சி., அவனுடைய வாப்பாவின் இறப்புச் சான்று எல்லாவற்றையும் கடையில் கொடுத்து லேமினேட் செய்து வைத்துவிட்டதாகச் சொன்னார். பட்டியலில் பெயர் இல்லாத மகனை நாளைக்கு வேறு ஏதாவது ஒரு பட்டியலில் தேடுவார்கள் என்பது அவருடைய பயம். அவன், அட்டை இருக்கிறது உம்மா, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவான். அட்டை இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டை வெறும் பிளாஸ்டிக் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை படித்தும் தெரியாது.

அந்த மாதங்களில் அவனுக்குத் தொடர்ந்து இரவு ஷிப்ட். பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கும் மிஷினில் வேலை. காலையில் வந்து குளித்துவிட்டு, கம்பெனியில் கொடுக்கும் ஆரஞ்சு நிற பஞ்சுத் தக்கைகளைக் காதில் அடைத்துக்கொண்டு படுப்பான். இரைச்சலுக்காகக் கொடுத்ததை அவன் அமைதிக்கும் பயன்படுத்தினான். ஜன்னலுக்கு உள்பக்கம் அட்டைப் பெட்டியைக் கிழித்துச் சொருகியிருப்போம், வெளிச்சம் வராது. நான் கிளம்பும்போது அவன் பாதித் தூக்கத்தில் இருப்பான். கையை மட்டும் தூக்குவான். பூட்டிவிட்டுப் போ என்று அர்த்தம். நான் பூட்டிவிட்டுப் போவேன்.

வரைவுப் பட்டியல் மார்கழி தொடங்கியிருந்தபோது வந்தது. நீக்கியவர்களின் பெயர்களைத் தனியாக அச்சடித்துப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நானும் அவனும் போனோம். அவன் பெயர் அதில் இருந்தது. பக்கத்தில் காரணம் போட்டிருந்தது: நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர். அவன் இரண்டு முறை படித்தான். போனில் படம் எடுத்தான். சுவரைச் சுற்றிக் கூட்டம் இருந்தது, சிலர் சத்தம் போட்டார்கள். இவன் சத்தம் போடவில்லை.

"நான் எங்கண்ணே போனேன்?" என்று என்னிடம் கேட்டான்.

சும்மா தகவல் கேட்பதுபோலத்தான் கேட்டான். வழியில் டீ குடித்தோம். அவன் ஷிப்டுக்குப் போனான்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் அறைக் கதவை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். எங்கள் கதவுகளில் ஒட்டுத்தாள்கள் நிறைய இருக்கும்: தண்ணீர் கேன், பர்சனல் லோன், பழைய ஏ.சி. வாங்குகிறோம். அவற்றின் நடுவே, பாதி தண்ணீர் கேன் விளம்பரத்துக்கு அடியில், வீடு வீடாகப் படிவம் கொடுக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர், பூட்டியிருந்தது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போன சீட்டு இருந்தது. தினமும் அந்தக் கதவைத்தான் பூட்டியிருக்கிறேன்.

அந்த அலுவலர் ஊர் அங்கன்வாடியின் டீச்சர் என்று தெரிந்துகொண்டு, ஒரு மதியம் போனோம். அவன் தூங்காமல் வந்திருந்தான். உள்ளே குழந்தைகள் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் முட்டை உரித்துக்கொண்டே பேசினார்.

"பச்ச கேட்டு வூடு தானே? மூணு வாட்டி வந்தேன்பா. மூணு வாட்டியும் பூட்டு தொங்கிகினு கீது. பக்கத்து ரூம்ல கேட்டா, அப்டி ஒரு ஆளே தெரியாதுன்றான்."

"நான் உள்ளதான் இருந்தேன்க்கா. தூங்கிட்டு இருந்தேன்."

டீச்சர் உரிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "வெளிய பூட்டு, உள்ள ஆளு. நீ இன்னா மேஜிக் பண்றவனா?"

குழந்தைகள் சிரித்தன. நான் அந்தப் பழக்கத்தை விளக்கினேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அவருக்கு, தன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆட்கள் இப்படித் தூங்குகிறார்கள் என்பது தெரிந்திருக்கவில்லை. பக்கத்து அறைக்காரனுக்கு எங்களைத் தெரியாததும் உண்மைதான். அவன் வேறு ஷிப்ட். அவன் வரும்போது இவன் போவான். இரண்டு பேரும் குழாயடியில்கூடப் பார்த்துக்கொண்டதில்லை.

டீச்சர் கெட்டவர் இல்லை. அவரும் களைத்திருந்தார். காலையில் சத்துமாவு, மதியம் சாப்பாடு, உடனே வீடு வீடாகப் படிவம், இரவில் அதையெல்லாம் போனில் ஏற்றுவது. எழுதி எழுதி விரல் வீங்கியிருந்தது. ஏற்றியதைத் திருப்பி எடுக்க முடியாது, ஆனால் மறுபடி சேர்க்கலாம் என்று ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். படிவம் ஆறு. புதிய வாக்காளர்களுக்கானது.

அவன் அதை நின்றபடியே படித்தான். "நான் புது ஆள் இல்லக்கா. இங்கயே ரெண்டு தடவ போட்டிருக்கேன்."

"தெரியும்பா. வேற ஃபாரம் இல்ல. இதுல எழுது, கூட ஒரு உறுதிமொழி கீது, அதுலயும் கையெழுத்து போடு, வூட்டு விலாசத்துக்கு எதுனா ஒரு ப்ரூஃப் குடு. முடிஞ்சுது."

அவன் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அறைக்கு வந்து, அதை டி.வி. இல்லாத டி.வி. ஸ்டாண்டின் மேல் வைத்தான். அது அங்கேயே இருந்தது. நான் இரண்டு முறை பேனாவை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது முறை, அரிசி வெந்துகொண்டிருந்தபோது, அவன் சொன்னான்:

"நீங்கன்னா போட்டுருவிய. ஒண்ணும் ஆவாது. நான் புது ஆளுன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஒருத்தன் வந்து கேப்பான், அப்ப முன்னால ஓட்டுப் போட்டவன் யாருலேன்னு. இத்தன வருசமா எங்க இருந்தன்னும் கேப்பான். எனக்கு ரெண்டு கேள்விக்கும் பதிலு வேணும்ணே. உங்கள ஒருத்தரும் கேக்க மாட்டாவ."

அவன் குரலை உயர்த்தவில்லை. நான் கரண்டியால் அரிசியைக் கிளறினேன். என் பெயரைக் கேட்டு யாரும் அறை மறுத்ததில்லை. என் படிவத்தை நான் தொட்டதுகூட இல்லை.

விலாசத்துக்கு ஆதாரம் என்றால் ஆதார் அட்டையில் திருநெல்வேலி விலாசம்தான் இருந்தது. வாடகை ஒப்பந்தம் என் பெயரில். பழைய வாக்காளர் அட்டையில் இந்த விலாசமே இருக்கிறதே என்று கேட்டதற்கு, நீக்கிய பெயரின் அட்டையை வைத்துச் சேர்க்கச் சொன்னால் மேலே எடுத்துக்கொள்வார்களா தெரியாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் கேட்பது என்று முடிவு செய்தோம்.

வீட்டுக்காரர் சாலையோரத்தில் தன் மருமகன் வைத்திருக்கும் டீக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். விஷயத்தைச் சொன்னேன்.

"உன் பேர்ல எத்தினி வோணா எழுதித் தரேன்பா" என்றார்.

"எனக்கு இல்லங்க. இவனுக்கு."

அவர் அவனைப் பார்த்துப் பேசினார். அதில் கள்ளம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. "தப்பா நெனச்சுக்காத தம்பி. உன் மேல நான் இன்னா கொற சொன்னேன்? தண்ணி கெடையாது, பீடி கெடையாது, வாடகை கரெக்டா வந்துடுது. உன்ன மாதிரி ஆளு கெடைக்கறது கஷ்டம். பேப்பர்ல மட்டும் வாணாம். மேல கட்ன ரூமுக்கு இன்னும் அப்ரூவலே வாங்கல. நாளிக்கு ஒருத்தன் வந்து கேப்பான், யாரு, எங்கிருந்து வந்தான், நீ எப்டி வுட்டன்னு. நான் இன்னாத்த சொல்றது?"

அவன், சரிங்கண்ணே என்றான். வீட்டுக்காரர் எங்கள் இருவருக்கும் டீ சொன்னார், காசு வாங்க வேண்டாம் என்று மருமகனிடம் சொன்னார். குடித்துவிட்டு வந்தோம். வீட்டுக்காரரும் என் நண்பனும் ஒரே ஆளுக்குத்தான் பயந்தார்கள். நாளைக்கு வந்து கேட்கப்போகிற அந்த ஆள் யார் என்று இருவருக்கும் தெரியாது.

பெயர் சேர்க்கக் கொடுத்திருந்த அவகாசம் ஓடிக்கொண்டிருந்தது. படிவம் ஸ்டாண்டின் மேல் இருந்தது. அதன்மேல் ஒரு நாள் எண்ணெய்ப் பாக்கெட் இருந்தது, எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். உம்மாவின் போன்களை அவன் எடுப்பது குறைந்தது. எடுத்தால், கொடுத்தாச்சு உம்மா என்பான். அவன் பொய் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். அதையும் தூங்கப்போகிறேன் என்று சொல்வதுபோலவே சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் கம்பெனியில் கான்ட்ராக்ட் மாறியது. இது இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. வேலை அதே வேலை, அதே மிஷின், அதே சூப்பர்வைசர். வருஷத்துக்கு ஒரு முறை கான்ட்ராக்டரின் பெயர் மட்டும் மாறும். கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்று புது விண்ணப்பம் எழுத வேண்டும். இதற்கு முன் இந்த வளாகத்தில் வேலை செய்தது உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். மேசையில் இருக்கும் பையன், எல்லோரும் 'இல்லை'ன்னு போடுங்க என்று சத்தமாகச் சொல்வான். பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பாதுகாப்பு வீடியோ. அதை என் நண்பன் வருஷா வருஷம் பார்த்து, மனப்பாடமாகச் சொல்லிக் காட்டுவான். அதில் வருகிறவர், கைகளை மிஷினுக்குள் விடாதீர்கள் நண்பர்களே என்று சொல்லும் குரலில் அவன் பேசும்போது எங்கள் கட்டடத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. பழைய அடையாள அட்டைகளின் நாடாக்கள் எங்கள் அறை ஆணியில் தொங்குகின்றன. நீலம், பச்சை, இரண்டு சிவப்பு. எல்லா அட்டையிலும் சேர்ந்த தேதி வேறு வேறு. அவன் அங்கே எத்தனை வருஷமாக வேலை செய்கிறான் என்பதற்கு அந்த நாடாக்களைத் தவிர ஒரு சாட்சியும் இல்லை.

அன்று காலை கழுத்தில் மஞ்சள் நாடாவோடு வந்தான். குளிக்கவில்லை. ஸ்டாண்டிலிருந்து படிவத்தை எடுத்தான், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து எழுத ஆரம்பித்தான். நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அங்க இல்லைன்னு போட்டுட்டு வந்துட்டேன். இங்கயும் போட்டுருவோம்" என்றான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் நீட்டினான். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது அன்று அவனிடம் இல்லை. நான் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து வரும் வழியில் டீச்சர் வீட்டில் கொடுத்தேன். ஆதார் நகல், பழைய அட்டையின் நகல், வேறு எதுவும் இல்லை. வீட்டுக்காரர் கடிதம் தரவில்லையா என்று டீச்சர் கேட்டார். தரவில்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அந்த வீட்டுக்காரர் தூரத்துச் சொந்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஆள நேர்ல பாத்துட்டேன்னா நான் எழுதிடுவேன். இந்த வாட்டி பூட்டாதீங்க" என்றார். எந்த நாள் வருகிறார் என்றும் சொன்னார்.

அந்த நாளில் நான் பூட்டிவிட்டுப் போனேன். அவனும் நானும் முந்தின நாள்தான் அதைப் பற்றிப் பேசியிருந்தோம். வெளியே வந்தேன், கதவைச் சாத்தினேன், மற்றதைக் கை செய்துவிட்டது. அவனும் விழித்திருந்து காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்தவன் படுத்திருக்கிறான். படுத்தவன் கையும் தன் பழக்கப்படி தக்கைகளைக் காதில் வைத்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததை இருவரும் சொன்னதை வைத்து எழுதுகிறேன். டீச்சர் படியேறி வந்து பூட்டைப் பார்த்திருக்கிறார். திரும்பி இறங்கப் போயிருக்கிறார். அப்போது கதவோரம் கிடந்த சேஃப்டி ஷூ கண்ணில் பட்டிருக்கிறது. வேலைக்குப் போனவன் ஷூ எப்படி வாசலில் இருக்கும் என்று யோசித்து, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, சொருகியிருந்த பெட்டி அட்டையை நகர்த்தியிருக்கிறார். உள்ளே ஒருவன் பாயில் குறுக்காகப் படுத்திருக்கிறான். கூப்பிட்டார், கேட்கவில்லை. தட்டினார், கேட்கவில்லை. பிறகு குடைக் காம்பை உள்ளே விட்டு அவன் காலில் குத்தினார். துடைப்பக் குச்சி என்று அவன் சொல்கிறான். டீச்சர் குடை என்கிறார். இந்த ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போகவில்லை.

அவன் எழுந்தான். ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, துழாவி, பூட்டைத் திறந்தான். டீச்சர் மேல்படியில் உட்கார்ந்து சிரித்தாராம். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாராம்.

"மூணு வாட்டியும் நீ இங்கயே தான் கெடந்தியா? இப்டியேவா?" என்று கேட்டிருக்கிறார்.

"இப்படியேதான்க்கா."

அங்கேயே உட்கார்ந்து, விண்ணப்பதாரர் நேரில் இருக்கிறார், இந்த முகவரியில் வசிக்கிறார் என்று எழுதி, கதவு முன்னால் அவனை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படத்தை அவனுக்கும் அனுப்பியிருந்தார். தலை கலைந்து, ஒரு காதில் ஆரஞ்சுத் தக்கையோடு நிற்கிறான். பின்னால் திறந்த பூட்டு தொங்குகிறது.

போகும்போது டீச்சர், மேலே, ஆபீஸிலிருந்து மறுபடி யாராவது பார்க்க வரலாம், வந்தால் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து நாங்கள் பூட்டவில்லை. அவன் தக்கை வைக்கவில்லை. தண்ணீர் கேன்காரர் தட்டினார், எழுந்தான். இன்டர்நெட்காரர் தட்டினார், எழுந்தான். யாரும் தட்டாதபோதும் எழுந்தான். இறுதிப் பட்டியல் வரும்வரை அவன் பகலில் சேர்ந்தாற்போலத் தூங்கி நான் பார்க்கவில்லை. பிரஸ்ஸில் நின்றுகொண்டே தலை சாய்ந்ததைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார். கைகளை மிஷினுக்குள் விடாதீர்கள் நண்பர்களே என்ற குரலை அவன் அந்தக் காலத்தில் பேசிக் காட்டவில்லை. மேலே இருந்து யாரும் வரவில்லை.

இறுதிப் பட்டியலில் பெயர் வந்தது. எங்கள் பாகத்துப் பட்டியலின் கடைசியில், புதிதாகச் சேர்த்தவர்கள் வரிசையில் இருந்தது. அவன் படம் எடுத்து உம்மாவுக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவன் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் கடேசில போட்டிருக்காவ?" என்றார் உம்மா.

"நான் புதுசுல்லா உம்மா."

பிறகு அவரே, கடைசியானாலும் இருக்குல்லா, அது போதும் என்றார். எனக்கும் சலாம் சொல்லச் சொன்னார்.

தேர்தல் அன்று எல்லாக் கம்பெனிக்கும் லீவு. நான் ஊருக்குப் போகவில்லை. பஸ்களில் இடம் இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். தேடியிருந்தால் ஒன்று கிடைத்திருக்கும். என் பெயர் அங்கே பத்திரமாக இருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன். அவனோடு பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தேன். வெயில் ஏறுவதற்குள்ளேயே வரிசை கேட்டைத் தாண்டியிருந்தது. நான் வேப்பமரத்தடியில் நின்றேன்.

அங்கே கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் முதல்முறை ஓட்டுப் போடுகிறவர்களுக்குச் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தி, கையில் ஒரு சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் சீட்டைப் பார்த்த அலுவலர் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் அவன் தாடியில் இருந்த நரையைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மறுபடி தாடியைப் பார்த்தாள். சார், ஃபர்ஸ்ட் டைமா என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான்.

வரிசையில் பின்னால் நின்ற உள்ளூர்க்காரர் ஒருவர், "இன்னா தலைவா, இப்பத்தான் பதினெட்டு ஆச்சா?" என்றார்.

"லேட்டாப் பொறந்துட்டேன்ணே" என்றான் இவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் பேட்ஜ் குத்த வசதியாக அவன் கொஞ்சம் குனிந்தான். உள்ளே போய்விட்டு வெளியே வந்தபோது சாக்லேட்டைப் பாதி உடைத்து எனக்குக் கொடுத்தான். மை வைத்த விரலை வீடியோ காலில் உம்மாவுக்குக் காட்டினான். பேட்ஜைக் கழற்றி, அறைக்கு வந்ததும், ஆணியில் நாடாக்களோடு மாட்டினான்.

மறுநாளிலிருந்து மறுபடி வேலை. காலையில் அவன் வந்து குளித்தான், பொட்டலத்திலிருந்து புதுத் தக்கைகளை எடுத்தான். காதில் வைப்பதற்கு முன் என்னிடம், "இனி பூட்டிட்டுப் போங்கண்ணே" என்றான். யாராவது வந்தால் என்றேன். அவன் ஒரு காதை ஏற்கெனவே அடைத்திருந்தான். மற்றதையும் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

நான் வெளியே வந்து பூட்டினேன். அவன் ஷூ வெளியே, கதவோரம் ஒரு மூலையில் கிடந்தது. அதை எடுத்து, படியேறி வருகிறவர்களுக்கு முதலில் தெரிகிற மாதிரி, ஜன்னலுக்கு நேராக வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.